பாண்டியின் ஃபோர்க் ஏன் இறுகுகிறது

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடியும் முன்பே புழுக்கம். மேற்கே மேகம், மழைக்கு வழியில்லை. பாண்டி, ரவி, நான். ஆனைக்குட்டம் அணை வரை சைக்கிள். காலை ஆராதனைக்குள் திரும்பிவிட்டேன். பிரசங்கத்தில் பாதி தூக்கம், மனைவி ஜெஸி முழங்கையால் இடித்தாள்.

கரைப் பாதையில் பாண்டி மறுபடியும் புகார். முன்சக்கரத்தைத் தாங்கும் காற்றடைத்த ஃபோர்க் இறுகிவிட்டதாம். குழியில் இறங்கினால் அமுங்குவதில்லை, அடி அப்படியே மணிக்கட்டுக்கு வருகிறதாம். ஜூனிலும் இதே கதை. அப்போது ஃபோர்க்கில் கொஞ்சம் காற்றைக் குறைத்தேன், சரியானது. இப்போது திரும்பவும்.

அணைக்கரையில் சோதித்தோம். ஃபோர்க்கில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஆள் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்கியது என்று அது காட்டிக்கொடுக்கும். அமுங்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

ரவியின் கட்சி: உள்ளே மட்டமான சாமான், ஃபோர்க்கையே மாற்று. (பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் மெஷினைத் தவிர அவனிடம் வாங்கினபடி இருக்கும் பொருள் கிடையாது.)

என் கட்சி: வெயில். பாண்டி சைக்கிளைத் தகரக் கொட்டகையில் நிறுத்துகிறான். காற்று சூடானால் அழுத்தம் ஏறும். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு இதைத்தான் நடத்துகிறேன்.

பாண்டி எந்தக் கட்சியும் இல்லை. நாங்கள் சண்டையை முடிக்கும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

செயினுக்கு எண்ணெய். பம்ப் மீட்டர் சரியா, பார்க்க. பிளஸ் ஒன் விடைத்தாள் ஒரு கட்டு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாலை ரவியின் பிரஸ். சீசன் ஆர்டர், மெஷின் ஓயவில்லை, கத்திக் கத்தித்தான் பேச்சு. பாண்டி கேட்டானாம். அலுமினியப் பட்டையை வளைத்து ஃபோர்க்கின் இரு பக்கமும் தண்ணீர் பாட்டில் மாட்ட இடம் செய்கிறான் ரவி. ஏற்கெனவே வண்டியில் இரண்டு பாட்டில். போதவில்லையாம்.

முன்னால் எடை தொங்கினால் ஹேண்டில் மந்தமாகும் என்றேன். "தாகம் எடுக்கவனுக்குத்தான தெரியும், சார்" என்றான். அரை மணி நேரம் வாதாடித் தோற்றேன். ஆனால் வேலை சுத்தம். அதை அவனிடம் சொல்லவில்லை.

பாண்டியின் சைக்கிள் இனி வேப்பமர நிழலில். என் யோசனை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எதிர்க்காற்று. நாரணாபுரம் சாலை முழுக்க லோடு லாரி, மண் பாதைக்கு இறங்கிவிட்டோம். ஒரு வாரம் நிழலில் நின்றும் ஃபோர்க் அப்படியே. என் வெயில் கட்சி டெபாசிட் காலி. ரவிக்குக் கொண்டாட்டம்.

பாண்டியின் நாலு பாட்டிலும் போகும்போதே தீர்ந்தன. வேலிக்கருவைப் புதரைக் கண்டால் இறங்கி ஒதுங்குகிறான். தண்ணீர் ஏற்றி இறக்கவா கிளம்பினாய் என்று ரவி கேலி செய்தான். மூவரும் சிரித்தோம். மேட்டில் பாண்டி இறங்கித் தள்ளினான். அவன் தள்ளி இதுவரை நான் பார்த்ததில்லை. ஃபோர்க் உயிரை வாங்குகிறது என்றான், அதையும் நம்பினோம்.

மதியச் சாப்பாட்டில் ஜெஸியிடம் இதை எல்லாம் புலம்பினேன். சைக்கிள் பேச்சை அவள் காதில் வாங்குவதே கிடையாது. ஆஸ்பத்திரியில் நாள் பூரா நர்ஸ் வேலை, வீட்டில் இது வேறா என்பாள். இன்று கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எம்புட்டுத் தண்ணி குடிக்காரு?"

சொன்னேன். அடிக்கடி ஒதுங்குவதையும் சொன்னேன்.

"ஃபோர்க்கை அந்த அளவுக்கு அளந்தீகளே, ஆளை எடை போட்டுப் பாத்தீகளா?"

 என் கணக்கில் பாண்டி எண்பத்து நாலு கிலோ. போன வருஷம் அவன் வாயால் சொன்னது. ஜூனில் கொஞ்சம் குறைத்ததைத் தவிர, அதற்குத்தான் இன்றுவரை காற்று அடித்துக்கொடுக்கிறேன். ஆள் இளைத்தால் அதே காற்று அவனுக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். ஃபோர்க் ஜூனிலேயே சொல்லியிருக்கிறது. வாத்தியார் வெயிலைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பள்ளி விட்டதும் நேரே பாண்டி தோட்டம். பருத்தி மூடை நிறுக்கும் தராசு அங்கே உண்டு. ஏறச் சொன்னேன். மூடைக்கு உள்ள மரியாதை எனக்குமா என்று சிரித்துக்கொண்டே ஏறினான்.

எழுபத்து மூன்று.

தராசு கோளாறு என்றான். நான் ஏறிக் காட்டினேன், என் எடை சரியாகத்தான் இருந்தது. அப்படியே ஒரு மூடைமேல் உட்கார்ந்துவிட்டான். ஜெஸி சர்க்கரையாக இருக்கும் என்கிறாள், ரத்தம் பார்த்துவிடலாம் என்றேன். முடியாது என்றான். அவன் அண்ணனுக்குச் சர்க்கரையில் கால் எடுத்தது எனக்குத் தெரியும். பாண்டி அதைப் பற்றி ஒரு நாளும் பேசினதில்லை.

"எங்கண்ணன் டெஸ்டுக்குன்னு நடந்துதான் போனான். ஒத்தக் காலோட கொண்டாந்து விட்டாக. எனக்கு அந்தப் பேப்பரே வேண்டாம், வாத்தியாரே."

கோபம் வந்தது, அதற்குக் கீழே பயம். அண்ணனுக்கு நோய் இருப்பது தெரிந்து எத்தனை வருஷம் கழித்துப் போனார் என்று மட்டும் கேட்டேன்.  நான் வண்டியைக் கிளப்பிய பிறகு, புதன்கிழமை வருவதாகச் சொன்னான். மனைவி ராஜேஸ்வரிக்குத் தெரியக் கூடாது என்று நிபந்தனை.

பருத்தி இந்த முறை பரவாயில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

தூறல். அரை நாள் லீவு. ஜெஸியின் ஆஸ்பத்திரி வாசலில் பாண்டி ஹெல்மெட்டும் சைக்கிள் பனியனுமாக வந்து நின்றான். சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நிஜமாகவே மிதித்து வந்திருக்கிறான். வெறும் வயிற்றோடு. ஜெஸியிடம் எங்கள் இருவருக்கும் சேர்த்துத் திட்டு கிடைத்தது. ரத்தம் எடுக்கும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

காத்திருக்கும்போது ரவி போன் செய்துகொண்டே இருந்தான். ஃபோர்க் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முந்நூறைத் தாண்டி. சர்க்கரைதான். வேறு என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன், ஜெஸியிடம்கூடச் சொல்லவில்லை. சர்க்கரை என்று கேட்டதும் வராண்டாவில் போய் நின்று அழுதேன். டாக்டர் பாண்டியின் பாதத்தை விரல் விரலாகப் பார்த்தார். இரண்டும் நன்றாக இருக்கின்றன, மருந்தை ஒழுங்காக எடுத்தால் இப்படியே இருக்கும், சைக்கிளையும் விட வேண்டாம், கொஞ்ச நாள் பொறு என்றார். பாண்டி செருப்பை மாட்டாமல் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வெயில் திரும்பிவிட்டது. ஊசி, மாத்திரை எல்லாம் வீட்டுக்கு வந்தாயிற்று, இனி மறைக்க முடியாது. ராஜேஸ்வரியிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில். பாண்டி தொழுவத்துப் பக்கம் நழுவிவிட்டான்.

அவர் கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்து ஃபோர்க்கில் ஆரம்பித்தேன். ரப்பர் வளையம், அமுங்கும் அளவு. பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"மூணு மாசத்துல பெல்ட்டுக்கு மூணு ஓட்டை போட்டுக் குடுத்தவ நான்தான், அண்ணே. கேட்டா, வாத்தியார் கூட சைக்கிள் ஓட்டுறேன்ல, உடம்பு இறங்கத்தான் செய்யும்னாரு. படிச்சவுக கூடவே இருக்காக, ஒண்ணுன்னா சொல்லாமலா இருப்பாகன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

 கொடுத்த காபியைக் குடித்தேன்.