ஜேசுராஜ் கேட்ட ஃபியட்

மச்சான்,

பத்து மணிக்கு மெக்கானிக் ஜேசுராஜ் வருவார். லோயர் கேம்ப்பில் நடக்கும் மகள் கல்யாணத்துக்கு எங்க அத்தாவின் பழைய ஃபியட்டைக் கேட்டாரே, சாவி டிவி மேல் இருக்கிறது. சிரித்த முகமாகவே கொடுங்கள்.

ஐந்து மாதம் வேலை பார்த்து, "கண்ணாடி ரப்பரெல்லாம் புதுசுக்கா, சொட்டுத் தண்ணி எறங்காது" என்றார். நேற்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன், பின் சீட்டில் குளம்! அவரிடம் விடவேண்டாமென்று அன்றே சொன்னேன், நீங்கள்தான் கேட்கவில்லை.

லோயர் கேம்ப்பில் மூன்று நாளாகச் சாரலாம். பட்டுச் சட்டையோடு அவரே நனையட்டும்.

அடுப்பில் புளியாணம் இருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

ரெஹானா

பொண்ணு மாப்பிள்ளைக்கு டாக்ஸிக்கார ஆரிப் வண்டியைச் சொல்லிவிட்டேன். பாவம், கல்யாணப் பொண்ணு என்ன செய்தது?

கூட வரச் சொன்னால் ஏறிவிடாதீர்கள், உங்களுக்குச் சளி.

டிக்கியில் கிடந்த குடையை நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.