மூன்றாவது கிளி

சேசு மரி சூசை
இராயபுரம், 3 செப்டம்பர் 1927

அன்புள்ள கணவர் அம்புரோஸ் அவர்களுக்கு உங்கள் ஃப்ளோரன்ஸ் எழுதிக்கொள்வது. நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி. உங்கள் சுகத்துக்கு இராயப்பர் கோயிலில் தினமும் வேண்டுகிறேன்.

கப்பலில் வேலை செய்யும் ஸ்டானிஸ்லாஸ் மாமா ரங்கூனிலிருந்து திரும்பியிருக்கிறார். உங்களைப் பார்த்தாராம். கல்மண்டபம் குழாயடியில், அத்தனை பெண்கள் நடுவில் சொல்கிறார்: “அம்புரோசு ரூம்ல, தலகாணில ரெண்டு கிளி ஜோடியா குந்திகினு கீது. இன்னா அழகு!”

நம் கல்யாணத்துக்கு நான் கிளி தைத்த தலையணை உறைகள் இரண்டே இரண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே கிளையில் இரு கிளிகள். ஒன்றை நீங்கள் எடுத்துப்போனீர்கள். மற்றது என் கட்டிலில்தான் இருக்கிறது. அப்படியென்றால் அங்கே இருக்கும் இன்னொரு கிளி யாருடையது?

உங்கள் ஃப்ளோரன்ஸ்


ரங்கூன், 20 செப்டம்பர் 1927

அன்பு ஃப்ளோரன்ஸுக்கு,

இதற்குப் போய்க் கோபமா? நான் சாப்பிடும் மெஸ்ஸை நடத்தும் டோரதி அம்மாள் தைத்துக் கொடுத்தது. விதவை, நம் வேதக்காரர். துவைக்கப் போட்ட உறையைப் பார்த்துவிட்டு, இந்தக் கிளி தனியாகச் சுவரைப் பார்க்கிறதே என்று பரிதாபப்பட்டார்.

அவருக்கு இதிலெல்லாம் எவ்வளவு ஞானம்! அந்தக் காலத்தில் ஜரிகைத் திண்டு நவாபுகளுக்குத்தானாம். பிறகு துரைசானிகள் சோபாவுக்கு அழகாக வைத்தார்களாம். கன்னியர் மடத்தில் தையல் படித்த பெண்கள் வழியாக நம் வீட்டுக் கட்டிலுக்கு வந்ததாம். இங்கே பர்மாக்காரர்கள் சமிக்கி வைத்துத் தைப்பதையும் காட்டினார். நீ பார்த்தால் நீயே மெச்சுவாய்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைப்பது நிச்சயமில்லை.

அம்புரோஸ்


இராயபுரம், 1 அக்டோபர் 1927

அன்புள்ள கணவருக்கு,

அம்மாவின் முழங்காலுக்கு ஒரு வரி இல்லை. டோரதி அம்மாளின் ஞானத்துக்கு அரைப் பக்கம். நானும் மடத்தில்தான் தையல் படித்தேன். நவாபு கதை கேட்க உங்களுக்கு என்னிடம் ஒருநாளும் நேரமிருந்ததில்லை.

கல்யாணத்தன்று உங்கள் அத்தை என் உறையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். நம்மவர்கள் முன்பக்கத்தை நம்புவதில்லை. ஒரு முடிச்சும் தென்படாமல் வாயை மூடிக்கொண்டார். அதேபோல் நானும் பார்க்கவேண்டும். அவள் தைத்த உறையை அனுப்புங்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கவேண்டாம்.

ஃப்ளோரன்ஸ்


ரங்கூன், 22 அக்டோபர் 1927

ஃப்ளோரன்ஸுக்கு,

ஸ்டானிஸ்லாஸிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். டோரதி அம்மாளே துவைத்துப் பெட்டி போட்டுக் கொடுத்தார். உன் அபிப்பிராயத்தை எழுதச் சொன்னார். திரும்பி வருமா என்று இரண்டு முறை கேட்டார். ஒரு தலையணை உறைக்கு இவ்வளவா என்று எனக்குப் புரியவில்லை. அம்மா முழங்காலுக்குத் தைலமும் அதோடு வருகிறது.

அம்புரோஸ்


இராயபுரம், 8 நவம்பர் 1927

அன்புள்ள கணவருக்கு,

தைலம் வந்தது. உறையும் வந்தது.

எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். பிரித்து எறியலாம் என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்பக்கம் என்னுடையதைவிடச் சுத்தம். கிளியின் கழுத்தில் பச்சை மஞ்சளாக மாறும் இடம் எனக்கு இந்த ஜன்மத்தில் வராது.

அப்புறம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணைச் சுற்றிப் பழைய ஊசித் துளைகள் இருந்தன. மூன்று முறை தைத்து, மூன்று முறை பிரித்து, நாலாவது முறை மனசுக்குப் பிடித்த பிறகே விட்டிருக்கிறாள். நம் கல்யாணத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். மெஸ்ஸில் சோறு தின்பவருக்காக எந்தப் பெண்ணும் கண்ணை அப்படிக் கெடுத்துக்கொள்ளமாட்டாள்.

அவள் மனசு உங்களுக்குத் தெரியாது. உங்கள் கடிதத்திலேயே அது தெரிகிறது. அவள் வாய் திறக்கமாட்டாள். நானும் பேசாமல் இருந்திருந்தால் நீங்கள் என்றைக்கும் தெரிந்துகொள்ளாமலே என் வீட்டில் காலம் தள்ளியிருப்பீர்கள். ஒரு வாரம் அப்படித்தான் இருந்தேன். முடியவில்லை. ஒன்றும் தெரியாத மனுஷனைப் பிடித்து வைத்துக்கொண்டு, இவர் என்னுடையவர் என்று எப்படிச் சொல்வேன்?

உறையை ஒரு நூல் பிரியாமல் திருப்பி அனுப்புகிறேன். என் அபிப்பிராயம் கேட்டாளே, வேலை சுத்தம் என்று சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு வருவதானால் இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

ஃப்ளோரன்ஸ்