ஐவர் ஆட்டத்தில் நாலு பேர்

திருத்தணி
3.7.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எழிலன் எழுதுவது. இங்கே நைனாவும் அம்மாவும் நலம். தங்கச்சி தமயந்திக்கு இருமல் நின்றதா? அண்ணன் கேட்டான் என்று சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூப்பந்து மைதானத்தில் பக்கத்தில்தானே நின்றான், அப்போது பேசாமல் இப்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். வாய் வரவில்லை, அதுதான். வாட்ஸப்பில் அனுப்பலாம் என்றால், கை தவறி நம் டீம் குரூப்பில் விழுந்துவிடுமோ என்று பயம். சென்னை ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரையிலிருந்து உங்கள் ஆட்டம் சரியில்லை. சர்வீஸ் வலையில் விழுகிறது, அடிக்கிற பந்து கோட்டைத் தாண்டிப் போகிறது. மட்டையை மாற்றினீர்கள், மட்டை நரம்பை இறுக்கிக் கட்டினீர்கள், மலைக்குப் போய் மொட்டைகூடப் போட்டுக்கொண்டீர்கள். யாருக்கும் வருவதுதான். ஆனால் ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம் முன்னால், இருபத்தோராம் தேதி, கிருத்திகைக் கோப்பைப் போட்டி. இந்த ஒரு தடவை நீங்கள் ஓய்வு எடுத்துக்கொண்டு, புதுப் பையன் சின்னசாமியை இறக்கினால் என்ன? கேப்டனாகக் கேட்கிறேன், மச்சானாகக் கெஞ்சுகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

அன்புடன்,
எழிலன்


பள்ளிப்பட்டு
7.7.2024

எழிலனுக்கு,

ஓய்வாம், ஓய்வு! வெளியே போ என்று நேராக எழுதுவதற்கு என்ன கேடு?

கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை ஆட்கள் தலையில் கட்டிவிட்டு, வெயிலில் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறேன். எனக்குப் பதில் நேற்று வந்த சின்னசாமி. போன வருடம் அம்மையார்குப்பத்தில் நீ வரிசையாகப் பந்தை விட்டாயே, நான் உனக்குக் கடிதம் போட்டேனா?

ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் டீமில் இல்லை என்றால் கிருத்திகைக்கு உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், அங்கே கை நனைக்கவும் மாட்டேன். தமயந்தியைத் தடுக்கவில்லை. "நீங்க வராத வூட்டுக்கு நான் மட்டும் எப்படிங்க போறது?" என்று அவளே சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அடுப்படியில் அழுகிறாள். அதுவும் உன் புண்ணியம்தான்.

வெங்கடேசன்


திருத்தணி
11.7.2024

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டேன்.

விஷயம் தெரிந்ததும் நைனா என்னை வீட்டில் நிற்கவிடவில்லை. "வூட்டு மாப்புள்ளைய எவனாச்சும் வெளிய ஒக்கார வெப்பானாடா? கப்பு பெருசா, தங்கச்சி வாழ்க்கை பெருசா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அம்மா ராத்திரி சாப்பிடவில்லை. சின்னசாமியிடம் நானே பேசிவிட்டேன். அவன் மட்டையை உறையில் போட்டுக்கொண்டு போனான்.

நான் எழுதியதை மறந்துவிடுங்கள். தமயந்தியை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். கிருத்திகைக்கு இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும்.

பணிவுடன்,
எழிலன்


பள்ளிப்பட்டு
22.7.2024

எழிலா,

நேற்று ஜெயித்துவிட்டோம். கோப்பையை முதலில் என் கையில் கொடுத்தாய். போட்டோவில் என்னை நடுவில் நிற்க வைத்தாய். இங்கே தமயந்திக்குத் தலைகால் புரியவில்லை, அக்கம்பக்கம் எல்லாம் போட்டோவைக் காட்டிவிட்டாள்.

இறுதி ஆட்டத்தில் என் பக்கம் பந்து வந்தபோதெல்லாம் பக்கத்தில் நின்ற நம் துரைக்கண்ணு குறுக்கே பாய்ந்து எடுத்தான். அவசரக்காரன் என்று நினைத்தேன். அப்புறம் நீயும் எடுத்தாய். என் நெஞ்சுக்கு நேராக வந்த பந்தைக்கூட எனக்கு விடவில்லை. என் முறைக்கு வந்த சர்வீஸ் ஒன்றுதான் எனக்கென்று இருந்தது, அதுவும் வலையில். மற்ற நேரமெல்லாம் மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

டீக்கடையில் துரைக்கண்ணுவை மடக்கினேன். அவனுக்கு மறைக்கத் தெரியாது. "எழிலன்தாங்க சொல்லிச்சி, மாப்புள்ள பக்கம் வர்ற பந்தையும் நாமளே பாத்துக்கணும்னு" என்று சொல்லிவிட்டான்.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். கோபம் வரவில்லை, அவமானமாக இருக்கிறது. நாம் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒரே மட்டையை மாற்றி மாற்றி ஆடியவர்கள். தமயந்தியை நான் கட்டிய அன்றைக்கு, இனிமேல் வாடா போடா கூடாது என்று நைனா உனக்குச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து உன் வீட்டில் எனக்கு முதல் இலை, ஃபேனுக்கு நேராக நாற்காலி. நான் வந்தால் நீ எழுந்து நிற்கிறாய். மைதானத்தில் மட்டும் அது உனக்கு மறந்துவிடும். பந்தை விட்டால் "டேய் வெங்கடேசா, தூங்கிக்கினு கீறியா?" என்று கத்துவாய். அதைக் கேட்கத்தான் இத்தனை வருடம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் போல. சித்திரைக்கு அப்புறம் நீ கத்துவதே இல்லை. "பரவாயில்லைங்க மாப்பிள்ளை" என்கிறாய். அங்கேயும் எனக்கு இலை போட்டுவிட்டாய்.

ஓய்வு எடு என்று எழுதினாயே, அப்போதுதான் கடைசியாக என்னை ஆட்டக்காரனாக நினைத்தாய். நான்தான் மாப்பிள்ளை முறுக்கைக் காட்டி அதைக் கெடுத்துக்கொண்டேன்.

கிருத்திகைக்குத் தமயந்தியைச் சமாதானப்படுத்தி அனுப்பிவைக்கிறேன். நான் வரவில்லை. இனி ஆடவும் இல்லை. மட்டை பரண்மேல் இருக்கிறது.

வெங்கடேசன்


திருத்தணி
24.7.2024

டேய் வெங்கடேசா,

பந்தை மறித்தது தப்பு. என்னை மன்னித்துவிடு. உன்னை வெளியே உட்கார வைத்திருக்க வேண்டும், இல்லை உள்ளே ஆடவிட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த மாதம் சோளிங்கரில் போட்டி. உன் பெயர் இல்லை, சின்னசாமிதான் ஆடுகிறான். உன் ஆட்டம் கேவலமாக இருக்கிறது, அதனால்தான். இதை இன்று நைனாவிடமும் சொல்லிவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார், போகட்டும். தமயந்திக்கு நானே போன் செய்து சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கினா எனக்குப் பயமில்லண்ணா, மரியாதையா பேசிக்கினாதான் பயமா கீது" என்றாள்.

இந்தக் கடிதத்தைத் துரைக்கண்ணுவிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் முகத்தில் முழிக்க வெட்கப்படுகிறான், அவனை ஒன்றும் கேட்காதே.

ஞாயிறு விடியற்காலையில் மைதானத்துக்கு வா. மறுநாள் கிருத்திகை, பரணிக் காவடிக் கூட்டத்தில் சாலையை அடைத்துவிடுவார்கள், சீக்கிரம் கிளம்பு. நீ சர்வீஸ் போடு, எதிரில் நான் நிற்கிறேன். வலையில் விழுந்தால் ஊருக்கே கேட்கிற மாதிரி திட்டுவேன். ஒரு பந்தையும் உனக்காக எடுக்க மாட்டேன்.

எழிலன்