அந்த மனை வேண்டாம், நஜாத்

பஸ்ரா,
ஜமாதுல் ஆகிர் மாதம். வியாழக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடித்தது.

அளவற்ற அருளாளனின் பெயரால், என் மகள் நஜாத்துக்கு உன் வாப்பா லஃப்தா தன் கையாலேயே எழுதுவது. நானும் உன் உம்மாவும் உயிரோடு இருக்கிறோம், ஓரளவு சுகமாகவும் இருக்கிறோம், அந்தக் குளிர் நாட்டில் உனக்கு எந்த நோவும் வராமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். முதலில் இந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார் மகளே. இதில் ஒரு எழுத்துகூட வேறு யாரும் போட்டதில்லை. எழுபத்தொரு வயதில் உன் வாப்பா எழுதிய முதல் கடிதம் இது. ஒரு வரி எழுதி முடித்ததும் அதைத் தள்ளி வைத்துப் பார்க்கிறேன், கப்பலிலிருந்து இறக்கிய மூட்டைகளை வரிசையாக அடுக்கிவிட்டுப் பார்த்தது போலச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எழுதப்போவது சந்தோஷமான சங்கதி இல்லை, அதனால் உட்கார்ந்துகொண்டு படி, ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில் நின்றுகொண்டு படிக்காதே.

போன மாதம் தொலைபேசியில் நீ கேட்டாய், வாப்பா, பஸ்ரா இன்னும் பத்து வருசத்தில் துபாய் போல ஆகிவிடும் என்று இங்கே நம் ஆட்கள் எல்லாம் பேசிக்கொள்கிறார்களே, நிஜமா என்று. அன்றைக்கு உன் அண்ணன் ஹாத்திஃப் பக்கத்தில் இருந்தான், தொலைபேசியும் அவனுடையது, ஆமாம் அம்மா என்று மட்டும் சொன்னேன். இப்போது சரியாகச் சொல்கிறேன். மொட்டை மாடியில் நின்றால் மேற்கே எண்ணெய்க் கிணறுகளின் நெருப்பு தெரிகிறது, சண்டைக்கு முன்னால் இருந்ததைப் போல இரண்டு மடங்கு நெருப்பு. அதே மாடியில் இருக்கிற தொட்டியில் வரும் தண்ணீர் கரிக்கிறது, தேநீர் போட முடியாது, உன் உம்மா குடிதண்ணீரைக் கேனில் வாங்குகிறாள். மின்சாரம் இரண்டு மணி நேரம் வரும், நான்கு மணி நேரம் போகும், தெரு ஜெனரேட்டர்காரன்தான் இப்போது எங்களுக்கு அமைச்சர். வெளிநாட்டு இஞ்சினியர்கள் கறுப்புக் கண்ணாடி வண்டிகளில் முன்னும் பின்னும் துப்பாக்கியோடு போகிறார்கள், அவர்கள் போகும் சாலை ஓரத்து மனைகளுக்கெல்லாம் விலை ஏறிவிட்டது. பேரீச்ச மரத்தை வெட்டிவிட்டுக் கண்டெய்னர் அறைகள் அடுக்கி வாடகைக்கு விடுகிறார்கள். பஸ்ராவில் இன்றைக்கு மூன்று பேர் கூடினால் அதில் இரண்டு பேர் தரகர்கள். ஆனால் நம் தெருவில் எண்ணெய்ப் படிப்புப் படித்த பையன்கள் கம்பெனி வாசலில் காவல் நிற்கும் வேலைக்கே சிபாரிசு தேடி அலைகிறார்கள். ஹாத்திஃப் வேலை பார்த்த தொழிற்சாலை சண்டையில் நின்றது, திறக்கவே இல்லை. பணம் இந்த ஊருக்குள் வருகிறது மகளே, அது பொய் இல்லை. யார் தலைமேல் ஏறிக்கொண்டு வருகிறது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

இப்போது மனைக்கு வருகிறேன். எழுதக் கை கூசுகிறது. நீ ஊருக்குத் திரும்பி வந்து ரத்தப் பரிசோதனைக் கூடம் கட்டுவதற்காக ஹாத்திஃப் பார்த்துக்கொடுத்த அந்த மூலை மனை. அதை வாங்குமுன் நீ என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். வாப்பா, நீங்களே போய்ப் பாருங்கள், சுவரில் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றாய். பதினாறு வருசம் வெளியே இருந்தும் நீ நம் ஊர்ப் பெண்தான், கேட்க வேண்டியதைக் கேட்டாய். நான் போனேன். சுவரில் சிவப்புச் சாயத்தில் ஒரு நீள வரி இருந்தது. அப்போது நான் முதியோர் வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம்தான். சாயங்காலம் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நடக்கிற வகுப்பு, குட்டி பெஞ்சில் முழங்காலைத் தாடைக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்போம். எனக்கு ஒன்பது எழுத்து தெரியும். பக்கத்தில் நின்ற ஹாத்திஃப், அது கான்ட்ராக்டர் பேரும் நம்பரும் வாப்பா என்றான். வீட்டுக்கு வந்து உன்னிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஹாத்திஃப் இப்படிச் சொல்கிறான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. நானே படித்தேன் அம்மா, கான்ட்ராக்டர் பேர்தான் போட்டிருக்கிறது என்று சொன்னேன். நீ அந்தப் பக்கத்தில் அழுதாய். என் வாப்பா படிக்கிறார், என் வாப்பா சுவரைப் படிக்கிறார் என்று அழுதாய். அந்த அழுகை எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது, அதைத் திருத்த மனசு வரவில்லை. அடுத்த வாரம் நீ பாதிப் பணத்தை அனுப்பிவிட்டாய். பத்திரத்தில் சாட்சியாக என் கட்டைவிரலையும் வைத்தேன்.

அதற்குப் பிறகு தெருவில் எல்லோரும் ஹாத்திஃபின் வாப்பாவை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள். மீன் கடைக்காரன் எனக்கு மட்டும் நல்ல மீனாக எடுத்துக் கொடுத்தான், உங்க தைரியம் யாருக்கு வரும் அபூ ஹாத்திஃப் என்றான். வயசான காலத்தில் பள்ளிக்கூடம் போகிற தைரியத்தைச் சொல்கிறான் என்று நினைத்து நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

போன திங்கட்கிழமை வகுப்பு முடிந்து அந்தப் பக்கமாக வந்தேன். எல்லா எழுத்தும் முடித்துவிட்டோம், டீச்சர் இஃப்பத் கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போங்கள் வாப்பாமார்களே என்று சொல்லியிருந்தாள். மிஸ்ஹிரின் தேநீர்த் தள்ளுவண்டி அந்த மனைக்கு எதிரேதான் நிற்கிறது. ஒரு கிளாஸ் எலுமிச்சைத் தேநீர் வாங்கிக்கொண்டு நின்று சுவரைப் பார்த்தேன். எழுத்துகள் ஒன்றையொன்று கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தன மகளே. ஒரு வார்த்தை, அடுத்த வார்த்தை, அதற்கடுத்தது. ஒரு முழு வரியையும் வகுப்புக்கு வெளியே என் வாழ்நாளில் முதல் தடவையாகப் படித்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன், கிளாஸிலிருந்து தேநீர் சிந்தியது. மிஸ்ஹிர் தள்ளுவண்டியை விட்டு வந்து, என்ன அபூ ஹாத்திஃப், அதைப் பாத்து யாராச்சும் சிரிப்பாங்களா, உங்களுக்கு நெஞ்சு என்ன இரும்பா என்றான். அப்போதுதான் நான் படித்தது என்ன என்று எனக்கு உறைத்தது. குலத்தின் ரத்தக் கணக்கில் உள்ள இடம், விற்காதே, வாங்காதே. இதுதான் அந்த வரி. கீழே ஆற்றுக்கு அக்கரைக் குலத்தாரின் பேர். நான் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். மிஸ்ஹிர், ஐயோ மாமா, உங்களுக்குத் தெரியாதா, தெருவே நீங்க தெரிஞ்சுதான் வாங்கினீங்கன்னுல்ல நெனைச்சுட்டு இருக்கு என்றான்.

அந்த மனையின் பழைய சொந்தக்காரன் சண்டை நடந்த வருசத்தில் அக்கரைக்காரர்களின் பையன் ஒருவனைச் சுட்டுவிட்டு ஓடிப்போனவன். மனை அப்படியே நின்றது, அவன் பேரைச் சொல்லி ஒரு தரகன்தான் அதை நமக்கு விற்றிருக்கிறான். அதில் யார் ஆணி அடித்தாலும் அந்த ரத்தம் அவர்கள் தலையில். உன் பேரில் பத்திரம் இருக்கிறது நஜாத்.

வீட்டுக்கு வந்து ஹாத்திஃபைக் கேட்டேன். அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு, எல்லாம் தெரியும் வாப்பா, அதனாலதான் வெல கம்மி, இந்த ஊர்ல சுத்தமான மனை நம்மள மாதிரி ஆளுக்குக் கிடைக்குமா, கூடம் எழும்பிட்டா அவங்களும் பேசி முடிச்சுக்குவாங்க, எனக்கு நாலு புள்ளைங்க இருக்கு, நான் வேற எங்க போய் முட்டிக்கட்டும் என்றான். அவன் திருடன் இல்லை மகளே, மூழ்கிக்கொண்டிருக்கிறான், மூழ்குகிறவன் பக்கத்தில் இருப்பவரைத்தான் பிடிப்பான். அவனை வெறுக்காதே, இதை நான் அழுதுகொண்டு எழுதுகிறேன். ஆனால் அவன் பேச்சையும் கேட்காதே.

மறுநாள் காலையில் அங்கியைப் போட்டுக்கொண்டு மிஸ்ஹிரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு படகில் அக்கரைக்குப் போனேன். அவர்களுடைய நாணல் மண்டபத்தில் முப்பது பேர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஷேக் என்னைவிட இருபது வயது இளையவர், மடியில் இரண்டு செல்போன். காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். நான் குடிக்காமல் கோப்பையைத் தரையில் என் முன்னால் வைத்துவிட்டேன். பேச்சு நின்றது. கோரிக்கை நிறைவேறாமல் இந்தக் காப்பி என் தொண்டைக்குள் இறங்காது என்பதற்கு அதுதானே அர்த்தம், சின்ன வயதில் என் வாப்பா செய்து பார்த்திருக்கிறேன், நான் செய்தது இதுவே முதல் தடவை. ஷேக், குடிங்க அபூ ஹாத்திஃப், என்ன வேணும் என்றார். என் மகளை இதிலிருந்து விட்டுவிடுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, உம்ம மகன் போன மாசமே இங்க வந்து காப்பி குடிச்சுட்டுப் போனாரே, என் தங்கச்சி ஸ்வீடன்லேர்ந்து வருவா, உங்க ரத்தப் பணத்தை அவதான் தருவா, கூடத்துல ஒரு பங்கும் தருவான்னு சொல்லிட்டுப் போனாரே என்றார். எனக்குக் காதில் தண்ணீர் புகுந்தது போல ஆகிவிட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். எப்படித் தெரியாம போகும், சுவத்த நீரே படிச்சுப் பாத்துச் சொன்னீராமே, உம்ம மகன் சொன்னாரு என்றார். மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் உண்மையைச் சொன்னேன். அன்றைக்கு எனக்கு ஒன்பது எழுத்துதான் தெரியும், மகளிடம் பெருமைக்காகப் பொய் சொன்னேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். மூலையிலிருந்து ஒருவன், கிழவரே, இன்னும் ஒரு மாசம் பொறுத்துப் பெருமையடிச்சிருந்தா எல்லாருக்கும் நல்லதா போயிருக்குமே என்றான், எல்லோரும் சிரித்தார்கள், ஷேக்கும் சிரித்தார். நானும் சிரித்தேன், என்ன செய்வது, அவன் சொன்னது சரிதான்.

சிரிப்பு அடங்கியதும் ஷேக் வார்த்தை கொடுத்தார். தரகனுக்குப் போன பணம் போனதுதான், அதை அவர்கள் கேட்டு வாங்கித் தர மாட்டார்கள், மனையும் போனதுதான். ஆனால் உன்மேல் ரத்தம் இல்லை, ஹாத்திஃப் மேலும் இல்லை. ஒரு நிபந்தனை. அந்த மனையும் வேண்டாம், அண்ணன் என் பேரில் கொடுத்த எந்த வாக்கும் என்னுடையது இல்லை என்று நீ உன் கையால் எழுதியது வருகிற ரஜப் மாதம் முடிவதற்குள் அவருடைய கைக்குப் போக வேண்டும். அதற்குள் வராவிட்டாலோ, நீ மீதிப் பணத்தை அனுப்பினாலோ ஹாத்திஃப் சொன்னதைத்தான் உன் வாக்காக எடுத்துக்கொள்வார்கள், பிறகு ரத்தப் பணம் உன் தலையில், நீ தராவிட்டால் இங்கே இருக்கிற ஹாத்திஃபையும் அவன் பிள்ளைகளையும் யார் காப்பது? ஆறிப்போன காப்பியைக் குடித்தேன். அதைப்போல் கசந்த காப்பி நான் குடித்ததில்லை.

உன்னைக் கேட்காமல் உன் பாதிச் சம்பாத்தியத்தை நான் ஆற்றில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பதினாறு வருசம் வேற்று ஆட்களின் உடம்பைக் கழுவி நீ சேர்த்தது. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகம் இல்லை, திட்டி எழுது, அதையும் நான் படிப்பேன். ஆனால் உன் வீட்டை விற்காதே, வேலையை விடாதே, டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடு. ஹாத்திஃப் தொலைபேசியில் கூப்பிடுவான், எல்லாம் பேசி முடிந்தது, மீதியை அனுப்பு என்பான். என் வாயருகேயும் தொலைபேசியை நீட்டுவான். நான் அவன் சோற்றைத் தின்கிறேன், அவன் பிள்ளைகள் என் மடியில் உட்கார்ந்திருக்கும், அந்த நேரத்தில் நான் என்ன உளறுவேனோ எனக்கே தெரியாது. என் குரல் ஆமாம் என்று சொன்னால் நம்பாதே. இந்தக் காகிதத்தை மட்டும் நம்பு.

உன் உம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, மகள் வருகிறாள் என்று அறையில் சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறாள். காய்ந்த எலுமிச்சை ஒரு பொட்டலம் இத்துடன் அனுப்பியிருக்கிறாள். இதைக் கொண்டு வருகிற பையன் மிஸ்ஹிரின் மச்சான், உன் ஊரில்தான் வேலை செய்கிறான், பத்து நாளில் மறுபடி இங்கே வருகிறான், பதிலை அவனிடமே கொடு, தபாலில் போடாதே. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, பனியில் நடக்கும்போது நல்ல செருப்புப் போட்டுக்கொள்.

அல்லாஹ் உன் கையில் பரக்கத்தைக் கொடுக்கட்டும், இழந்ததைவிட நல்லதை உனக்குத் தரட்டும், உன்னைப் பார்க்கும் முன் என் கண்ணை அவன் மூடாமல் இருக்கட்டும்.

மறந்துவிடாதே. எழுதும்போது எழுத்தைப் பெரிதாகப் போடு மகளே, அவசரமாக இழுத்து எழுதாதே, ஒவ்வொரு வரிக்கும் நடுவில் இடம் விடு. அந்த மண்டபத்தில் முப்பது பேர் முன்னால் அதை யார் படிப்பது என்று ஷேக் கேட்டார். நான் படிப்பேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உன் வாப்பா,
லஃப்தா முஹைபிஸ்