நெடுவான் கப்பலின் அடுப்படி

2004 ஆகஸ்ட் 8, ஞாயிறு

இயக்கு அறை முடிந்தது. நிஜத்தில் ஓர் அடி என்றால் இதில் அரை அங்குலம் என்று கணக்கு, எங்கும் பிசகவில்லை. பொத்தான்கள் எல்லாம் எங்கள் அச்சகத்துப் பஞ்சிங் மிஷின் துப்பிய அட்டைப் பொட்டுகள். குழாய்கள், என் மனைவி செல்லக்கனி வேலை பார்க்கும் நாரணாபுரம் பட்டாசு ஆலையில் கழித்துப்போட்ட வெற்றுக் குழல்கள். அட்டையில் நான் செய்யும் இந்த விண்கப்பலுக்கு 'நெடுவான்' என்று பெயர். ஒரு பக்கச் சுவரை வைக்காமல் விட்டுவிட்டேன். உள்ளே இருக்கும் அறைகள் அத்தனையும் தெரியும்.

முதலாளி மணிகண்டராஜ் பார்த்தார். தீபாவளி சீசனுக்கு அவருடைய விருதுநகர் பட்டாசுக் கடையில் கண்ணாடிக்குள் வைக்கலாம் என்றார். செய்தவர் பெயரும் எழுதி வைப்பாராம். காசிராஜன் என்று, கொட்டை எழுத்தில்.

ஆகஸ்ட் 15

லீவு. செல்லக்கனி பின்னால் நின்று பார்த்தாள்.

"இதுல போறவுக எல்லாம் எங்கன சாப்பிடுவாக?"

மாத்திரை சாப்பிடுவார்கள் என்றேன். சிரித்தாள்.

"ஒரு ரூம் எனக்குத் தாங்க. அடுப்படி நான் செய்றேன்."

பொண்டாட்டி ஆசைப்படுகிறாள், மூலையில் ஓர் அறை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆகஸ்ட் 22

குறைந்துதான் விட்டது.

சோடா மூடியில் தோசைக்கல் வைத்திருக்கிறாள். அளவுப்படி பார்த்தால் அது கல்யாண வீட்டுத் தோசைக்கல். கொடி கட்டி, கட்டைவிரல் அளவில் ஒரு பனியனைக் காயப்போட்டிருக்கிறாள். எடையில்லாத இடத்தில் துணி தொங்குமா, மிதக்காதா? கேட்டேன். "வேர்த்தா தொவைக்கணும்லங்க" என்றாள். சுவரில் நகமளவு தினசரிக் காலண்டர் வேறு. தாள் கிழிக்க வருகிறது.

செப்டம்பர் 5

முதலாளி வீட்டுக்கே வந்தார், மகள் ஐஸ்வர்யாவோடு. நான் இயக்கு அறையை விளக்கிக்கொண்டிருக்கிறேன். இருவரும் அடுப்படி முன்னால் குனிந்துவிட்டார்கள். காலண்டரில் தீபாவளித் தேதி, சிவப்பில்.

"ஏன்க்கா இந்தத் தேதி?" என்று கேட்டாள் ஐஸ்வர்யா.

"கப்பல்ல இருக்கவுகளுக்கு அன்னைக்குத் தீவாளிம்மா. நம்ம ஊரு வெடி அம்புட்டுத் தூரம் தெரியுதான்னு பாத்துக்கிட்டு இருப்பாக. அதுக்குத்தான் ஒரு சன்னலும் வைக்கணும்."

அந்தப் பெண் அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. முதலாளி செல்லக்கனியைக் காட்டி, "இந்தப் பிள்ளை பேரையும் போடணும்ப்பா காசி" என்றார்.

வயிறு எரிகிறது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எரிகிறது. ஞாயிறு ஞாயிறாக முதுகு ஒடிந்தது எனக்கு. பேர் அவளுக்கா?

செப்டம்பர் 12

சன்னலோடு அடுப்படியைப் புதிதாகக் கட்டுகிறாள். சீசன் என்று ஞாயிறும் ஆலைக்குப் போய் வந்து அவள் அலுத்துப்போய் இருந்ததால், பசையை நான் காய்ச்சிக் கொடுத்தேன்.

மைதாப் பசையில் மயில்துத்தம், அந்த நீல விஷ உப்பு, போட வேண்டும். போடாவிட்டால் கரப்பான் தின்றுவிடும். சிவகாசியில் இது தெரியாத ஆள் இல்லை.

நான் போடவில்லை. மறக்கவில்லை.

செப்டம்பர் 14

இன்னும் நேரம் இருக்கிறது. துத்தத்தைக் கரைத்து மேலே பூசினால் போதும். பூசவில்லை — ஏன்?

செப்டம்பர் 26

கரப்பான் வந்துவிட்டது. அடுப்படி மட்டும் போய்விட்டது. சுவர், சன்னல், காலண்டர், எல்லாம். தோசைக்கல் ஒன்றுதான் மிச்சம். மற்ற அறைகளில் ஒரு கீறல் இல்லை.

அவள் அழவில்லை. உதிர்ந்த அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அப்புறம் என் இயக்கு அறையின் ஓரத்தைப் பார்த்தாள்.

"உங்க பசையில நீலம் ஓடியிருக்கு. எனக்குக் குடுத்தது வெள்ளையா இருக்கு."

அம்புட்டுதான் சொன்னா. சோத்தப் போட்டு வச்சிட்டுப் போயிட்டா. நான் என்ன மனுசன்? கட்டுனவ செஞ்சதக் கரப்பானுக்குக் குடுத்திருக்கேன்.

அக்டோபர் 3

முதலாளி வந்தார். அடுப்படி இருந்த ஓட்டையைப் பார்த்தார். "கரப்பான் தின்னுருச்சு" என்றேன். அவள் மிஞ்சிய தோசைக்கல்லைத் துடைத்து வைத்தாள்.

"என்னப்பா காசி, இப்பப் பாத்தா கரண்டு ஆபீஸ் மாதிரில்ல இருக்கு."

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. யாருமே குடியிராத இடம். கப்பல் வேண்டாம் என்றுவிட்டார். அடுப்படியை மட்டும் பெரிதாகச் செய்து தரச் சொன்னார், செல்லக்கனியிடம்.

"உன் பேரு மட்டும் போட்டாப் போதுமாம்மா?"

"அவுக பேரையும் போடுங்க. இல்லேன்னா அவுகளுக்குத் தூக்கம் வராது."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அக்டோபர் 10

புது அடுப்படி எழும்புகிறது. அட்டையை நான் வெட்டிக் கொடுக்கிறேன். இப்போது அடிக்கு ஓர் அங்குலக் கணக்கு. அதே சோடா மூடி இப்போது வீட்டுத் தோசைக்கல் அளவாகச் சரியாக உட்கார்ந்துவிட்டது. அவளிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

பசை காய்ச்சலாம் என்று மைதாக் கிண்ணத்தை எடுத்தேன். துத்தத்தையும் அவள் பார்க்கும்படி பக்கத்திலேயே எடுத்து வைத்தேன். கையிலிருந்த கிண்ணத்தை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"பசைய மட்டும் நான் காய்ச்சிக்கிறேங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.