கிணற்றுக்குப் போகும் வழி

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. தீபாவளிக்குக்கூட நீங்கள் ஏன் வரவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. காரணம் தெருவுக்கே தெரியும்.

பெங்களூர்க்காரர்கள் வீடு கட்ட நீங்கள் பேசி முடித்துக் கொடுத்த நிலத்தைச் சுற்றிக் கல் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார்கள். ஊர்க் கிணற்றுக்குப் போகும் வழி அதற்குள் போய்விட்டது. பெண்களெல்லாம் லாரி ஓடும் பாகலூர் ரோடு வழியாகச் சுற்றிப் போய்த்தான் தண்ணீர் சுமக்கிறோம்.

மாசமாக இருந்த அடுத்த வீட்டுக் கெம்பம்மா, லாரிக்கு ஒதுங்கும்போது குடத்தோடு பள்ளத்தில் விழுந்துவிட்டாள். பிள்ளை தங்கவில்லை. பார்க்கப் போனேன்.

"உன் ஊட்டுக்காரரு வித்த வழிம்மா அது. நீ எதுக்கு வந்தே?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீடு திரும்பினால் உங்கள் கடிதம் வந்திருந்தது. பெங்களூரில் வீடு பார்த்தாயிற்று, குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும், புறப்பட்டு வா என்று எழுதியிருந்தீர்கள்.

மறுநாள் காலையில் கடப்பாரையை எடுத்துப்போய் வழியை மறித்த கற்களைப் பிடுங்கிப் போட்டேன். பார்த்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள். காவலாள் ஓடி வந்தான்.

"யாரு புடுங்கினது? பேரச் சொல்லுங்க!"

பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தார்கள்.

"புரோக்கரு பொண்டாட்டின்னு உங்க மொதலாளிகிட்டப் போய்ச் சொல்லு" என்றேன்.

மறுபடியும் கல் நட வேண்டுமென்றால் கூலியாட்களை அனுப்ப வேண்டாம். நீங்களே வந்து, என் முன்னால் நடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா