கடைசியில் வரும் அந்த ஒண்ணு

உன் கிட்டாரின் பச்சை ரெக்சின் உறையை இன்றைக்கும் திறந்தேன். அதே தேங்காயெண்ணெய் வாசம். தலைக்குத் தடவிய கையைத் துடைக்காமல் கிட்டாரை எடுக்கிற ஆள் இந்தக் கோயமுத்தூரிலேயே நீ ஒருத்திதான். கம்பி வீணாப்போகுதடி என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டாயா?

இது என் வீட்டுக்கு வந்த அன்றைக்கே மடியில் வைத்து வாசித்துப் பார்த்தேன். கண்றாவி. நீ இடதுகைக்காரி, கம்பிகளை எல்லாம் மாற்றி மாட்டி வைத்திருக்கிறாய். இருபது வருசம் எதிரெதிரே உட்கார்ந்து பழகினோம், கண்ணாடியில் என்னையே பார்க்கிற மாதிரி இருந்ததால் எனக்கு அது உறைக்கவே இல்லை. கடைக்குக் கொண்டுபோனேன். "திருப்பி மாட்டிரலாமுங்க, அரைமணி நேர வேலைங்க" என்றார் கடைக்காரர். ஏனுங்க என்று அவர் கேட்கக் கேட்க, வேண்டாமென்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சிங்காநல்லூரிலிருந்து ஆட்டோவில் இதைக் கொண்டுவந்து கொடுத்தது உன் மகள். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருசம் முடிந்து, அவளுக்குக் கல்யாணம் கூடி வந்திருந்த நேரம். "பெரிம்மா, என்ற ரிசப்சனுக்கு நீங்க அந்தப் பாட்டை வாசிக்கோணும். அம்மா வாசிக்கிறாப்பல. கடைசீல அந்த ஒண்ணு வருமே, அதோட" என்றாள். சரி கண்ணு என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

நம் மெல்லிசைக் குழுவிடம் எல்லாக் கல்யாணத்திலும் கேட்கிற பாட்டு அது. வரி தெரியாதவர்கூட ஆரம்பத்தில் வருகிற கிட்டார் பிட்டை வாயாலேயே வாசித்துவிடுவார். சினிமா ரெக்கார்டில் அது இறங்கி வந்து நின்றுவிடும். நீ நிற்க மாட்டாய். பாடகர் வாயைத் திறப்பதற்குள் கம்பியை ஒரு இழுப்பு இழுத்து மேலே இன்னும் ஒரு ஸ்வரம் வைப்பாய். காங்கேயத்தில் ஒரு கல்யாணத்தில் அவர் மேடையிலேயே கடுகடுத்தார்: "ரெக்கார்டுல இல்லாததை எதுக்கும்மா வாசிக்கறே?" நீ அசரவில்லை. "ரெக்கார்டுதான் வேணும்னா டேப்பைப் போட்டுட்டு நாம ஊட்டுக்குப் போயிரலாமுங்க" என்றாய். எனக்குச் சிரிப்பில் தாளம் தப்பிப்போனது.

அதை எனக்கும் சொல்லிக்கொடு என்று எத்தனை தடவை கேட்டேன். "ரெண்டு பேரும் ஒண்ணையே வாசிக்கறதுக்கு ரெண்டு பேரு எதுக்கு அம்மணி? நீ கோர்டைப் பிடி" என்பாய். நானும் பிடித்தேன், இருபது வருசம். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அப்படி என்ன கஞ்சத்தனம் உனக்கு?

பழைய கல்யாண வீடியோக்களில் இருக்கும் என்று நினைத்தேன். வாசித்த வீடுகளுக்கெல்லாம் போன் போட்டேன். தொண்டாமுத்தூர்க்காரர் ஒருவர் தென்னந்தோப்பு வேலையை விட்டுவிட்டு வந்து பரண் ஏறி சிடி எடுத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தால், பிட்டு வருகிற இடத்தில் காமிரா பந்திக்குப் போய்விட்டது. அதுகூடப் போகட்டும். வீடியோக்காரன் நாம் வாசித்த சத்தத்தை எடுத்துவிட்டு சினிமா ரெக்கார்டை மேலே ஒட்டி வைத்திருக்கிறான். கிடைத்த ஐந்து வீடியோவிலும் அதே கதை. நாம் வாயசைக்கிறோம், கையசைக்கிறோம், கேட்பது வேறு யாரோ வாசித்தது. டிவியை அணைத்துவிட்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

அப்புறம் யூடியூப் பார்த்து, விரல் காய்க்கக் காய்க்க, ரெக்கார்டில் இருக்கிற பிட்டைப் பழகினேன். அந்த ஒண்ணு மட்டும் வரவில்லை. எந்தக் கம்பியை இழுத்தாலும் பக்கத்தில் போய் நின்றது. உன் கம்பிகள் மாறிக் கிடந்ததால் அந்த இழுப்பு உன் கைக்கு மட்டும் அப்படி வந்ததோ என்னவோ.

ரிசப்சன் உங்கள் சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் நடந்தது. என் கிட்டாரில்தான் வாசித்தேன். ஆரம்பித்ததுமே ஹால் முழுக்க வாயால் சேர்ந்துகொண்டது. உன் மாமியார்கூட முனகினார். எல்லாரும் இறங்கி வந்து ரெக்கார்டு நிற்கிற இடத்தில் நின்றார்கள். நானும் நின்றேன். மேடையில் மாலையோடு இருந்த உன் மகளின் தலை மட்டும் நிற்கவில்லை. ஒரு வெட்டு மேலே வெட்டியது, நீ கம்பியை இழுக்கிற அதே நேரத்துக்கு. பாடகர் பாட ஆரம்பித்துவிட்டார், எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

பந்தியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "வரலீங்களா பெரிம்மா?"

"வரல கண்ணு."

"இப்படித்தானே?" என்று மெதுவாகப் பாடிக் காட்டினாள். இல்லை. இன்னும் கொஞ்சம் மேலே. மறுபடி பாடினாள். அதுவும் இல்லை. பிரியாணி ஆறிப்போனது. மாப்பிள்ளை எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன் வருகிறது. நலம்கூட விசாரிப்பதில்லை, எடுத்ததும் பாடுகிறாள். இல்ல கண்ணு என்கிறேன். சரிங்க என்று வைத்துவிடுகிறாள். உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் தீரவில்லை. அதை வாசிக்க எனக்கு நீ சொல்லித்தரவே இல்லை. ஆனால் அவள் என்றைக்காவது சரியாகப் பாடிவிட்டால், அதுதான் என்று சொல்ல இந்த ஊரில் என்னைத் தவிர ஆளில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போனை விட்டு நகர்வதில்லை.